மனச்சாட்சிக்கு அளித்த வாக்கு



டேவி கிராக்கெட் என்றதும் அமெரிக்கர்களின் நினைவுக்கு வருவது ஒரு கரடி வேட்டைக்காரரும், 1836-ல் அலமோ கோட்டையில் மடிந்த போர்வீரருமே. ஆனால் அவருடைய வாழ்வில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய பகுதி வேறொன்று உண்டு.

1786-ல் டென்னசியின் மலைநாட்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர் பள்ளியில் கற்றது சில மாதங்களே. 1813-ல், கிரீக் என்னும் பூர்வகுடியினருள் ஒரு பிரிவினர் மிம்ஸ் கோட்டையில் தஞ்சமடைந்திருந்த குடியேறிகளில் பலரைக் கொன்றனர். அச்செய்தி பரவியதும் கிராக்கெட், ஆண்ட்ரூ ஜாக்சனின் படையில் சேர்ந்தார். நவம்பர் 3 அன்று அப்படையின் ஒரு பிரிவு டல்லுஷாட்சி என்னும் கிரீக் ஊரைச் சூழ்ந்தது. ஒரு வீட்டிற்குள் 46 வீரர்கள் ஓடி நுழைந்ததைத் தாம் எண்ணியதாகவும், அவர்கள் உள்ளே இருக்கவே அவ்வீடு கொளுத்தப்பட்டதாகவும் அவர் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். மறுநாள் பசியால் வாடிய படையினர், அவ்வீட்டின் அடியில் இருந்த கிழங்குகளை எடுத்து உண்டனர். எரிந்த உடல்களின் கொழுப்பு அவற்றின்மேல் வடிந்திருந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தும் அவர் இதை மறைக்கவில்லை.

1821-ல் அவர் டென்னசி மாநிலச் சட்டமன்றத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். சக உறுப்பினர் ஒருவர் அவரை நாணற்காட்டிலிருந்து வந்த கனவான் என்று ஏளனம் செய்தார். அவ்வாண்டிலேயே வெள்ளம் அவருடைய மாவு ஆலையை அடித்துச் சென்றது. கடனின் சுமையை அறிந்த அம்மனிதர், காட்டைத் திருத்திப் பயிரிட்டும் நிலத்திற்குப் பட்டா பெற இயலாத ஏழைகளுக்காகவே மன்றத்தில் பேசினார். 1823-ல் மக்கள் அவரை மீண்டும் தெரிந்தெடுத்தனர். 1827-ல் தேசியப் பேரவைக்கும் அனுப்பினர்.

1830-ல் சோதனை வந்தது. இப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த அதே ஜாக்சன், பூர்வகுடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றும் சட்டத்தை முன்வைத்தார். கிராக்கெட்டின் தொகுதி மக்கள் அதை விரும்பினர். பேரவையில் 102-க்கு 97 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அது அநீதியான சட்டம் என்றும், தம் மனச்சாட்சி அதற்கு இடந்தரவில்லை என்றும் பின்னர் எழுதினார். 1831 தேர்தலில் தோல்வியுற்றார். 1838-ல் செரோக்கி மக்கள் தங்கள் மண்ணிலிருந்து துரத்தப்பட்டபோது, ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்பர்.

ஜாக்சனோடு அவருக்கிருந்த பகையும் அவ்வாக்கில் கலந்திருக்கலாம். அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. டல்லுஷாட்சியில் மாண்டவர்களை அந்த ஒரு வாக்கு உயிர்ப்பிக்கவும் இல்லை. எனினும், ஒரு காலத்தில் எவருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தினாரோ, அவருக்காகத் தம் பதவியை இழக்கவும் அவர் துணிந்தார்.

அன்பானவர்களே, நம்முடைய ஊரும் உறவும் ஒருமித்து ஓர் அநீதிக்குக் கை உயர்த்தும் நாளில், நம்முடைய கை எங்கே இருக்கும்?