நிகோட்டின் வேட்கையும் மூளையின் ஓபியாய்டு அமைப்பும்

சிகரெட்டானாலும், மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் பழைய தலைமுறை வெற்றிலையோடு மென்ற புகையிலையானாலும், மூளையைப் பிடிப்பது நிகோட்டின்தான். அது அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் ஒட்டி டோபமைனைச் சுரக்கவைக்கிறது. பொதுவான விளக்கங்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகின்றன. கூடவே எண்டார்ஃபின், என்கெஃபலின் என்னும் உடலின் சொந்த ஓபியாய்டுகளும் வெளிப்பட்டு மியூ என்னும் ஓபியாய்டு ஏற்பிகளைத் தூண்டுகின்றன. மியூ ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளை நிகோட்டின் அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்சோன், குடியை நிறுத்த உதவுவதுபோல் புகையை நிறுத்த உதவவில்லை, ஏமாற்றமான முடிவுதான். நிகோட்டின் சூயிங்கம், வேரெனிக்ளின் மாத்திரை ஆகியவையே இன்றும் முன்நிற்கின்றன.

நிகோட்டின் மறைமுகமாகத் தூண்டும் இந்த மியூ ஏற்பியை, கெடாவில் நேரடியாகத் தொடுவது கெத்தும் இலை. அதைக் காய்ச்சிய கசப்பு நீரை, களைப்புத் தெரியாமலிருக்க உடலுழைப்பாளர்கள் குடிப்பதுண்டு. இலையிலுள்ள மித்ராஜினின் மியூ ஏற்பியை அரைகுறையாகவே தூண்டும். இருந்தும் நெடுநாள் குடித்தவர் நிறுத்தினால் தசைவலியும் தூக்கமின்மையும் வரும். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் மித்ராஜினினைக் கட்டுப்படுத்துகிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கெத்தும் குடிப்பவர்களிடையே தொடர்ந்து ஆய்வு நடத்திவருகிறது.