எந்தக் கார் ரயிலை முந்தியது?

பழைய கார் ஒன்று தெருவில் வந்து நின்றால் போதும், ஆர்வலர்கள் கூடிவிடுவார்கள். எந்த ஆண்டு, எந்த மாடல் என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், ஒரு காரின் அடையாளம் தவறினால் வரலாறும் தவறிப்போகும். பிரிட்டனின் இரண்டு பென்ட்லி கார்கள் அதற்குச் சான்று.

1920களில் பென்ட்லி நிறுவனம் காரை முழுமையாகச் செய்து விற்கவில்லை. இயந்திரம் பூட்டிய சேசிஸை மட்டுமே விற்றது. வாங்கியவர் அதனை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வார். எனவே, ஒரே மாடல் கார்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் பாடியைக் கழற்றி மற்றொன்றில் பூட்டவும் முடியும். கண்ணால் பார்த்து மட்டும் அடையாளம் சொன்னால் ஏமாந்துபோவோம்.

முதல் கார் ரயிலோடு போட்டியிட்ட கார். 1930 மார்ச் மாதம், பென்ட்லி நிறுவனத்தின் தலைவர் உல்ஃப் பார்னாட்டோ பிரான்சின் கான் நகரில் 100 பவுண்டு பந்தயம் கட்டினார். கானிலிருந்து புறப்படும் 'நீல ரயில்' கலே துறைமுகத்தை அடைவதற்குள், தாம் லண்டனில் உள்ள தமது மன்றத்திற்கே போய்ச் சேர்வதாகச் சொன்னார். மழை, மூடுபனி, வெடித்த டயர் என எல்லாத் தடைகளையும் தாண்டி, கடலையும் கப்பலில் கடந்து, ரயில் கலேயை அடைவதற்கு 4 நிமிடங்களுக்கு முன்பே அவர் லண்டன் மன்றத்தில் இருந்தார்!

அவர் ஓட்டிய கார் எது? கர்னி நட்டிங் நிறுவனம் பாடி கட்டிய, தாழ்ந்த கூரையும் சரிந்த பின்புறமும் கொண்ட ஸ்பீட் சிக்ஸ் காரைத்தான் பல ஆண்டுகளாக உலகம் கொண்டாடியது. டெரன்ஸ் கூனியோ என்ற புகழ்பெற்ற ஓவியரும் அந்தக் கார் ரயிலோடு போட்டியிடுவதாகவே வரைந்தார். அப்படி ஒரு கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பார்னாட்டோவின் கார் என்பதும் உண்மை. ஆனால், ஆவணங்களைப் புரட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கார் பார்னாட்டோவின் கைக்கு வந்ததே 1930 மே மாதத்தில்தான்! மார்ச்சில் நடந்த ஓட்டத்தில் அது எப்படிக் கலந்துகொண்டிருக்க முடியும்? உண்மையில் ஓடியது எச். ஜே. மல்லினர் நிறுவனம் பாடி கட்டிய சாதாரணத் தோற்றமுடைய நான்கு கதவுக் கார். அழகான கார் புகழைத் தட்டிச் சென்றது. உழைத்த கார் மறக்கப்பட்டது.

இரண்டாவது கார் நீதிமன்றம் வரை சென்றது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்ட இந்த ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் நேர்ந்த விபத்தில் அதனை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அக்கார் புதிய பாடியுடன் சீரமைக்கப்பட்டது. 1990இல் அதனைச் சுமார் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது உண்மையான பந்தயக் கார் அன்று என வாதிட்டது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1929இல் ஓடிய காரின் பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன.

இருந்தாலும், நீதிபதி ஆட்டன் விற்றவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை, சிறுகச் சிறுகத்தான் மாறின; அதன் வரலாற்றுத் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை; அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு காரும் இல்லை என்பது அவர் முடிவு.

ஆக, இரண்டு கார்களும் சொல்லும் பாடம் ஒன்றே. காரின் தோற்றம் மாறலாம், பாகங்கள் மாறலாம். அது இன்ன கார்தான் என்று சாட்சி சொல்பவை சேசிஸ் எண், இயந்திர எண், ஒப்படைக்கப்பட்ட தேதி, கைமாறிய விவரம் ஆகியவையே. உங்கள் வீட்டில் தாத்தா ஓட்டிய பழைய கார் ஒன்று நிற்கிறதா, நேயர்களே? அதற்குப் புதுச் சாயம் பூசும் முன், அதன் பழைய தாள்களையும் படங்களையும் தேடிப் பத்திரப்படுத்துங்கள். சாயத்தை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். தொலைந்த தாளை யாரிடம் போய்க் கேட்பது?