கம்பு சொல்லித் தரும் வரலாறு

'கலப்பினம் என்றால் அதிக விளைச்சல்.' தேர்வில் மாணவர்கள் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று இந்தியாவின் கம்பு வயல்களில் கொஞ்சம் பார்ப்போமா?

கம்பின் தாயகம் ஆப்பிரிக்காவில் சகாராவை ஒட்டிய வறண்ட நிலம். அங்கே 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். கம்பங்கதிரில் சூல்முடி முதலில் வெளியே வரும். மகரந்தப்பை பிறகுதான் வரும். அதற்குள் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்துவிடும். அதனால் ஒரே வயலில் குட்டை, நெட்டை, முந்தி விளைவது, பிந்தி விளைவது எல்லாம் கலந்து நிற்கும். இதுதான் மரபியல் வேறுபாடு. அதிலிருந்து நல்ல கதிரைப் பார்த்து உழவர் விதைக்கு எடுத்து வைத்தாரே, அது பண்புத் தேர்வு.

பிறகு அறிவியலாளர்கள் வந்தார்கள். கம்பின் பூக்கள் மிகச் சிறியவை. கையால் கலப்பு செய்து ஊருக்கே விதை கொடுக்க முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கிளென் பர்ட்டன் 'டிஃப்ட் 23ஏ' என்னும் ஆண்மலட்டுத் தாய்வரிசையை உருவாக்கினார். அதைக் கொண்டு பஞ்சாபில் தில்பாக் சிங் அத்வால் உருவாக்கிய எச்.பி.-1 என்ற கலப்பினம் 1965இல் வெளிவந்தது. விளைச்சல் பெருகியது. 1970–71இல் இந்தியாவின் கம்பு உற்பத்தி ஏறக்குறைய 80 இலட்சம் டன்!

அடுத்த ஆண்டே சரிவு. அடிச்சாம்பல் நோய் பரவி, மணி பிடிக்க வேண்டிய கதிர்கள் இலைக்கொத்தாக மாறின. நோய் புதிதல்ல, அப்படியானால் ஏன் இவ்வளவு சேதம்? எச்.பி.-1க்குப் பின் வந்த கலப்பினங்களுக்கும் அதே டிஃப்ட் 23ஏதான் தாய். அந்தத் தாய்க்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. அமெரிக்காவில் கம்புக்கு இந்த நோயே கிடையாது. எனவே அங்கே எதிர்ப்புச் சக்தியைப் பார்த்துத் தேர்வு செய்ய வழியே இருக்கவில்லை. பழைய கலப்பு வயலில் சில செடிகளாவது தப்பியிருக்கும். ஒரே மாதிரி வயலில் தப்ப வழியில்லை. வறண்ட நிலத்து ஏழை உழவருக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை.

தீர்வும் வேறுபாட்டிலிருந்தே வந்தது. ஐதராபாத் அருகே 1972இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் ஆப்பிரிக்க நாட்டு வகைகளைத் தேடிப் போனது. நைஜீரிய வகைகள் கலந்த கூட்டத்திலிருந்து தேர்ந்த டபிள்யு.சி.-சி75 1982இல் வெளியானது. நோயைப் பல ஆண்டுகள் தாங்கியது. டோகோ நாட்டு வகையிலிருந்து ஐ.சி.டி.பி. 8203 என்ற பெரிய மணி ரகம் 1988இல் வந்தது. அந்த ஒரு ரகத்துக்குள்ளேயே இரும்புச்சத்து செடிக்குச் செடி வேறுபட்டது. அதில் சத்து மிகுந்தவற்றைப் பொறுக்கி எடுத்து உருவாக்கியதுதான் 'தனசக்தி'.

ஆக, தேர்வு புதிதாக எதையும் படைப்பதில்லை, இருப்பதிலிருந்துதான் எடுக்கிறது. இருப்பதை இழந்துவிட்டால் எதை எடுப்பது?

மாணவர்கள் சிந்திக்க: 1971இல் நோய் பரவியதற்குக் கலப்பினம் காரணமா, ஒரே தாயை நம்பியது காரணமா? உங்கள் விடையைக் காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.