சென்னை நகரும் செங்கற்பட்டு நாடும்: நீர்வழி நோக்கில் ஒரு வாழ்நிலை வரலாறு

நகர வாழ்க்கையின் தரத்தை அளப்போர் பெரும்பாலும் நகர எல்லைக்குள் நின்றே அளக்கின்றனர். வாழ்நாள், எழுத்தறிவு, வருமானம் ஆகியவற்றைக் கொண்டு 2003ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கை சென்னைக்கு மாநிலத்தில் முதலிடம் தந்தது. அவ்வளவீடு தவறானதன்று. எனினும் நகரத்தார் பருகும் நீர் எவ்வூர் ஏரியிலிருந்து வந்தது, அந்நீரால் முன்னர் விளைந்த வயல்கள் பின்னர் என்னவாயின என்னும் வினாக்களுக்கு அத்தகைய அட்டவணைகளில் இடமில்லை. மாவட்டந்தோறும் தனித்தனி எண் இட்டுக் காட்டும்போது, நகரின் உயர்வும் அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தின் தாழ்வும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாக அமைந்தமை புலப்படாது போகிறது. சென்னையையும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தையும் ஒருசேர வைத்து, அக்கணக்கை நீர்வழியே பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது.

இந்நிலப்பகுதியில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொணரும் மழையே பெரும்பங்கு நீரைத் தருகிறது. பாலாறு, கொற்றலையாறு, கூவம், அடையாறு ஆகியன சில திங்கள் ஓடி ஓய்வன. ஆகவே பெய்ததைத் தேக்கி வைக்கும் ஏரிகளே தொண்டை நாட்டு வேளாண்மைக்கு அடிப்படையாயின. ஓர் ஏரியின் மிகுநீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அவை சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டிருந்தன. இத்தகைய நாட்டின் கடற்கரை ஓரத்தில், இயற்கைத் துறைமுகமும் நல்ல ஆறும் இல்லாத மணற்பரப்பில், 1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினி தன் வணிகக் குடியேற்றத்திற்கு இடம் பெற்றது.

ஊர்க்கணக்கில் ஏரியின் பங்கு

1763இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அதன் வருவாயை அறியும் பொருட்டு, தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரின் பொறுப்பில் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்கள் அளக்கப்பட்டன. அவ்வளவைக்கு அடிப்படையான தமிழ் ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துக்காட்டினார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்க் கணக்குகள் 2001ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இவ்வோலைகளைப் போதிய அளவு எடுத்தாளாதது வியப்புக்குரியது. வட்டார வழக்குச் சொற்களும் அளவைப் பெயர்களும் இவற்றில் நிறைந்து கிடக்கின்றன.

இக்கணக்குகள் காட்டும் நடைமுறையில் நம் பொருளுக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. அறுவடையான நெல்லை அரசுக்கும் உழுகுடிக்கும் பங்கிடுவதற்கு முன்னரே, களத்திலேயே பல பொதுச் செலவுகளுக்கு நெல் ஒதுக்கப்பட்டது. மேரை, சுதந்திரம் என்று வழங்கிய இவ்வொதுக்கீட்டைக் கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார் எனப் பலர் பெற்றனர். அவ்வரிசையில் ஏரிப் பராமரிப்பும் இடம்பெற்றது. கரையை உயர்த்துதல், மடையைச் செப்பனிடுதல், தூர்வாருதல் ஆகியன ஒருவரின் கொடையையோ அரசின் விருப்பத்தையோ மட்டும் எதிர்நோக்கி நிற்கவில்லை. விளைச்சலின் மீதான முதற்செலவுகளுள் ஒன்றாக அவை கருதப்பட்டன. இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பதற்கில்லை. களத்தில் நெல் பெற்றோர் அனைவரும் ஒரே மதிப்புடன் அதைப் பெறவில்லை என்பது பின்னர்க் காட்டப்படும். எனினும் ஏரிக்கு உரிய பங்கு ஏரிக்கே சென்றது என்பது தெளிவு.

கும்பினி ஆட்சி அரசுப் பங்கை உயர்த்தியபோதும், பின்னர் வரியைப் பணமாகத் தண்டியபோதும் இவ்வொதுக்கீடுகள் சுருங்கின. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் ஊக்கம் காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்த இராமனைப் பற்றிய மக்கள் வழக்கில் அவர் பெயரும் கலந்திருத்தல் பலரும் அறிந்தது. ஆயினும் ஒரு துரையின் ஊக்கத்தை நம்பி ஏரி நிற்கும் நிலை ஏற்பட்டதே முந்தைய ஏற்பாடு தளர்ந்ததற்குச் சான்று. 1858இல் கரை உடையும் நேரத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. முன்னர் நெல் கொடுத்து நடந்த பணி, அதன்பின் தண்டனைக்கு அஞ்சி நடக்க வேண்டிய பணியாயிற்று.

ஏழுகிணறு முதல் புழல் வரை

கோட்டைக்குள் இருந்தோர்க்கு நல்ல நீர் கிடைப்பது தொடக்கம் முதலே அரிதாயிருந்தது. 1772இல் கறுப்பர் நகரின் வடபகுதியில் கிணறுகள் தோண்டப்பட்டு அங்கிருந்து குழாய் வழியே கோட்டைக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. ஏழுகிணறு என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் வழங்குகிறது. அந்நீர் முதன்மையாகக் கோட்டைக்கும் படைக்கும் உரியதாயிருந்தது. கிணறுகளைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் தத்தம் வீட்டுக் கிணற்றையும் கோயிற் குளத்தையும் நம்பினர்.

1818ஆம் ஆண்டின் வறட்சி ஓர் அரிய சான்றை விட்டுச் சென்றுள்ளது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிசு அவ்வாண்டில் 27 கிணறுகளைத் தோண்டுவித்தார். அச்செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே கிடைத்தது. திராவிட மொழிகளின் தனித்தன்மையை 1816இல் எடுத்துரைத்த அறிஞராகவே எல்லிசைத் தமிழுலகம் நினைவுகூர்கிறது. அவர் வெட்டுவித்த கல்லில் திருக்குறள் ஒன்று எடுத்தாளப்பட்டிருப்பதும் அடிக்கடி பாராட்டப்படுவதுண்டு. அக்குறள் எவ்வதிகாரத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அது 'நாடு' என்னும் அதிகாரத்தில் வருவது. மேலிருந்தும் கீழிருந்தும் கிடைக்கும் நீர், மலை, மலையிலிருந்து வரும் ஆறு, அரண் ஆகியவற்றை நாட்டின் உறுப்புகளாக எண்ணுவது. சென்னையில் அவற்றுள் அரண் மட்டுமே குறைவின்றி இருந்தது. நகரின் நீர்க்குறையை நாட்டின் இலக்கணத்தோடு பொருத்திய அப்பார்வை, எல்லிசுக்குப்பின் வந்த பொறியாளர்களிடம் காணப்படவில்லை.

1866இல் வகுக்கப்பட்டு 1872இல் நிறைவெய்திய திட்டம் நகரின் நீர்நிலையை அடியோடு மாற்றியது. தாமரைப்பாக்கத்தில் கொற்றலையாற்றின் குறுக்கே அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, பின்னர்த் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொணர்ந்தனர். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,97,552 பேர் வாழ்ந்த நகருக்கு இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. நீரை வடிகட்டும் அமைப்பு வருவதற்கு மட்டும் 1914 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் சோழவரமும் புழலும் வெற்றிடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள் அல்ல. உழவுக்கு நீர் தந்த ஏரிகள். அவை நகரின் தொட்டிகளான பிறகு, அவற்றின் கீழிருந்த வயல்கள் நகரின் தேவைக்கு எஞ்சியதை எதிர்பார்க்க வேண்டியவையாயின. களத்து நெல்லில் ஏரிக்குப் பங்கு வைத்த ஊர்களுக்கு, நகரின் நீர்வரியில் பங்கு வைக்கும் எண்ணம் எழவில்லை.

நகரிலிருந்து நாட்டுப்புறத்திற்குத் திரும்பிச் சென்றது கழிவு. திருவிற்கோலம் எனத் தேவாரம் பாடும் கூவம் என்ற ஊரை அறிந்தோர்க்கு, அவ்வூர்ப் பெயரே நகரத்தாரிடம் நாற்றத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது வருத்தந்தரும்.

பஞ்சமும் கால்வாயும்

1876இல் மழை பொய்த்தபோது நகரும் நாடும் ஒன்றையொன்று நேர்நின்று கண்டன. சிற்றூர்களிலிருந்து பல்லாயிரவர் சென்னையை நோக்கி நடந்தனர். கடல்வழி வந்த அரிசி மூட்டைகள் கடற்கரையில் காவலுடன் அடுக்கப்பட்டிருக்க, சிந்திய மணிகளைப் பொறுக்கி உண்டவர்களைப் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. 1780களின் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தை நகரத்தார் கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர். அதனையொட்டி எழுந்த மருத்துவமனைக்கும் அப்பெயரே வழங்கிற்று. பஞ்சத்தில் வந்தவர்களை நகரம் எவ்வாறு நினைவில் வைத்தது என்பதற்கு இப்பெயர் ஒன்றே போதும்.

நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். உழைக்கும் உடல் அவ்வுணவால் நிலைக்காது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஓர் உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்பது இந்நாட்டில் எண்ணளவில் வாதிடப்பட்ட முதன்மையான தருணங்களுள் அது ஒன்று. அவ்வாறு கூலி பெற்றவர்களே 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைத் தோண்டினர். பின்னர் அக்கால்வாய் வழியே விறகும் உப்பும் சுண்ணாம்பும் நெல்லும் நகருக்குப் படகுகளில் வந்தன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு சென்னை அடுப்புகளில் எரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போக்குவரத்து நின்று, அதே கால்வாய் நகரின் கழிவுநீர் வடிகாலாயிற்று. அதன்மேல் தூண்கள் நட்டுப் பறக்கும் இரயில் பாதையும் அமைக்கப்பட்டது.

நிலமற்றோரின் தண்ணீர்

நாட்டுப்புறம் என்று பொதுவாகக் கூறுவதும் ஒருவகையில் மறைப்பேயாகும். செங்கற்பட்டு மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஆதிதிராவிடர்; பெரும்பாலோர் படியாட்களாகவும் பண்ணையாட்களாகவும் உழைத்தவர்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு அளித்த குறிப்பு, மிராசு முறையின்கீழ் இவர்கள் குடியிருந்த மனைகூட இவர்களுக்கு உரியதன்று என்பதையும், எதிர்த்தால் குடிசையை இழக்க நேரும் என்பதையும் விரித்துரைத்தது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. ஏரிநீர் மிகுந்த காலத்தும் வயலும் கிணறும் இவர்களுக்கு எட்டாதனவாகவே இருந்தன. பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியன அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்து நிறைவேற்றினார். களத்து மேரையை மட்டும் படித்துப் பழைய ஊரைப் போற்றுவோர் இத்தீர்மானத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

இவர்களுட் பலர் நகரை நாடியதில் வியப்பில்லை. ஆலையும் துறைமுகமும் கூலியைப் பணமாகத் தந்தன. கூவக்கரைக் குடிசையில் நீர் கெட்டதாயினும் அங்கே மிராசுதாரரின் ஆணை செல்லவில்லை. ஆகவே நகர வாழ்க்கையின் தரம் யாருக்கு எதனோடு ஒப்பிட்டு என்று கேட்காமல் அதை அளக்க இயலாது. 1901இல் 5,09,346ஆக இருந்த நகர மக்கள்தொகை 2001இல் 43,43,645 ஆயிற்று.

பெருகிய நகருக்கு இடமாக நகருக்குள் எஞ்சிய ஏரிகளும் தூர்க்கப்பட்டன. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்தை ஒட்டிய நெடிய ஏரி வற்றவைக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. எல்லிசின் கிணற்றுக் கல்லில் இருந்த குறளும் ஏனையவற்றுடன் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

கிணறுகளின் விற்பனை

சத்தியமூர்த்தி நகரத் தந்தையாயிருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் நிறைவுற்றது. அதுவும் போதாதபோது நிலத்தடி நோக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 1966 முதல் நடந்த ஆய்வு, ஆரணியாறு, கொற்றலையாறு வடிநிலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் நன்னீர் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. அங்குத் தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் நகருக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் நீர் தந்தன. எடுப்பு ஊற்றை மிஞ்சியபோது மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது.

1987இல் நிலத்தடி நீரை நெறிப்படுத்தச் சட்டம் வந்தது. எனினும் 2003–04ஆம் ஆண்டு வறட்சியில் புழல் வறண்டபோது, குடிநீர் வாரியமே உழவர் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியது. கிணறுடைய உழவர்க்குப் பயிரைவிட நீர் மிகுந்த பணம் தந்தது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நடவும் அறுவடையும் நின்ற வயலில் கூலி இழந்தோர்க்கு அவ்விற்பனையில் பங்கில்லை. பழைய களத்தில் நெல்லளக்கும்போது குறைந்த அளவேனும் பெற்றவர்கள், நீர் லாரி நிரம்பும்போது எதுவும் பெறவில்லை.

2004இல் புதிய வீராணம் திட்டம் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நீரைக் கொணரத் தொடங்கியபோது, நகரின் நாட்டுப்புறம் கடலூர் மாவட்டம் வரை நீண்டது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1996இல் வந்தடைந்த கிருஷ்ணை நீரையும் கருதினால் அது ஆந்திரத்தையும் தொட்டுவிட்டது. 2015 திசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றங்கரையை மூழ்கடித்தது. 2019 கோடையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. இடையில், 2010இல், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. அவ்வாலையின் நீர் சென்னைக்கு உரியது. மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் புகுந்த உப்பு அவ்வூர்களிலேயே தங்கிவிட்டது.