கிளிவெட்டி இடைத்தங்கல் முகாம்: ஒரு வரலாற்று மதிப்பீடு

கோட்டைக்கும் கோயிலுக்கும் கல்வெட்டு உண்டு. தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கல்வெட்டு இல்லை. இதனாற் போலும், முகாம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மிகச் சிலராயினர். எனினும், அண்மைக்கால ஈழத்து வரலாற்றில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் வாழ்நாளின் ஒரு கூற்றை முகாம்களிலேயே கழித்துள்ளன. ஆதலின், ஒரு முகாம் எவ்வாறு நடத்தப்பட்டது, எவ்வாறு நடத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்கும் உரியனவேயாம். கிளிவெட்டியை முன்வைத்து அவ்வினாக்களை ஈண்டு நோக்குவாம்.

கிளிவெட்டி, பழைய கொட்டியாரப் பற்றில், மூதூருக்குத் தெற்கே அமைந்த வயற்கிராமம். சம்பூரோ கொட்டியாரக் குடாவை அடுத்த ஊர். நெல்லும் கால்நடையும் கடலும் அதன் மக்களுக்கு வாழ்வளித்தன. 2006 ஏப்பிரல் 25ஆந் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடைபெற்றது. அன்றே சம்பூர்ப் பகுதி விமானக் குண்டுவீச்சுக்கும் எறிகணை வீச்சுக்கும் இலக்காயிற்று. யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று அணைக்கட்டின் கதவுகளை மூடியதைத் தொடர்ந்து பெரும் போர் மூண்டது. செப்டெம்பர் 4ஆந் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கும் போர் வரவே மட்டக்களப்புக்கும் சென்றனர். 2007இல் அவர்கள் திருகோணமலை மாவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, சொந்த ஊர் செல்ல இயலாதோருக்குக் கிளிவெட்டியிலும் அயற்கிராமங்களிலும் இடைத்தங்கல் முகாம்கள் அமைந்தன.

‘இடைத்தங்கல்’ என்னும் சொல் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. வழிப்போக்கன் ஓரிரவு தங்கும் மடத்துக்கு ஒப்பானதொரு பொருளையே அச்சொல் தருகின்றது. ஆயின், 2007 மே 30ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பின்னர் அவ்வலயம் சுருக்கப்பட்டபோதும், அனல் மின்னிலையத்துக்கும், கைத்தொழில் வலயத்துக்கும், கடற்படை முகாமுக்கும் எனக் காணிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 818 ஏக்கர் கைத்தொழிற் காணியின் ஒதுக்கீடு 2015 மே மாதத்திலேதான் நீக்கப்பட்டது. கடற்படை வசமிருந்த காணி 2016இல் விடுவிக்கப்பட்டது. ஓரிரவுக்குரிய பெயரைத் தாங்கிய இடத்திலே பல குடும்பங்கள் எட்டாண்டுகளுக்கு மேல் இருக்க நேர்ந்தது.

இத்தகைய முகாமை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? 1997இல் மனிதநேய நிறுவனங்கள் தொடங்கிய ‘ஸ்பியர்’ திட்டம் சில குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளது. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர். கூரையின் கீழ் 3.5 சதுர மீற்றர் இடம்; 20 பேருக்கு ஒரு மலசலகூடம்; 250 பேருக்கு ஒரு குழாய். இவை பயனுள்ள அளவுகளே. தண்ணீர்த் தாங்கி எத்தனை என எண்ணாமல், ஒவ்வொருவருக்கும் எத்துணை நீர் கிடைக்கின்றது என்று கேட்கும் வழக்கத்தை இவை ஏற்படுத்தின. ஆயினும், இவ்வளவுகள் இடத்தையும் நீரையும் அளக்கின்றனவேயன்றிக் காலத்தை அளப்பதில்லை. அவசர காலத்தில் மூன்றரைச் சதுர மீற்றர் ஓர் அடைக்கலம். எட்டாம் ஆண்டிலும் அதுவேயாயின் அஃதொரு தண்டனை. சில மாதங்களுக்கென விரித்த தறப்பாள் வெயிலில் உக்குகின்றது. குழந்தைகள் வளர்கின்றனர், மணமாகிப் புதுக் குடும்பங்கள் தோன்றுகின்றன. ஆனால் குடில்களின் எண்ணிக்கையோ முதல் நாட் பதிவிலேயே நின்றுவிடுகின்றது.

காலம் செல்லச் செல்ல உதவி நிறுவனங்களின் கவனமும் வேறிடங்களுக்குச் செல்லும். 2009இல் வன்னிப் போர் முடிவுற்றபோது, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்து மனிக் பாம் உலகின் கண்களை ஈர்த்தது. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டபோது முகாம் வாழ்வே முடிந்ததெனப் பலர் எண்ணினர். கிளிவெட்டியிலோ மக்கள் அப்பொழுதும் இருந்தனர்.

இரண்டாவது அளவுகோல், 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளாகும். அடிப்படைப் பொருள்களைத் திட்டமிடுவதிலும் பகிர்வதிலும் பெண்கள் முழுமையாகப் பங்குபெற வேண்டும் எனவும், திரும்புதல் தம் விருப்போடும் பாதுகாப்போடும் நிகழ வேண்டும் எனவும் அவை கூறுகின்றன. மலசலகூடம் எங்கே அமைய வேண்டும், அங்கே இரவில் விளக்குண்டா என்பனவற்றை அதற்கு நடந்து செல்லும் பெண்ணே நன்கறிவாள். முகாம்க் குழுவில் அவள் குரல் இல்லாதவிடத்து, எண்ணிக்கை நிறைந்தும் பயன் குறையும்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். முகாமைச் செம்மை செய்தால் மக்கள் அங்கேயே நிலைத்துவிடுவர். ஊர்க்காணி கைநழுவும் என்பதே அது. இவ்வையம் வெறுமையானதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைச் சில நாள் நிறுத்திச் சோதிப்பதற்கென நடத்தப்பட்ட மண்டபம் முகாம், 1983இன் பின் ஏதிலியரின் நெடுநாள் உறைவிடமாயிற்று. ஆயினும், கிளிவெட்டியின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. மாற்றுக் காணி தர முன்வந்தபோது சம்பூர் மக்களுட் பலர் அதனை ஏற்க மறுத்தனர். ஒழுகும் கூரையின் கீழிருந்தே தம் ஊரைக் கோரினர். எனவே, ஊர்ப்பற்றைக் காத்தது முகாமின் வசதியீனமன்று. மாறாக, அவ்வசதியீனமே மாற்றுக் காணியை ஏற்குமாறு நெருக்கும் கருவியாக அமையக் கூடியது. பசித்தவனிடம் கையொப்பம் பெறுவது எளிது. முகாமைச் செம்மையாக நடத்துதல், மக்கள் தம் முடிவைத் தாமே எடுப்பதற்கான வலுவை அவர்க்களிப்பதாகும்.

இவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். முதலாவதாக, ‘இடைக்காலம்’ எத்துணை மாதம் என்பது முகாம் திறக்கும் நாளிலேயே எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். அவ்வெல்லை கடப்பின் கூரையும் இடப்பரப்பும் உயர்ந்த அளவுக்கு மாற்றப்படல் வேண்டும். இரண்டாவதாக, குடும்பப் பதிவு ஆண்டுதோறும் புதுக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, மதிப்பீட்டறிக்கை கொழும்புக்குச் செல்லுமுன் முகாம் மக்கள் முன் தமிழில் வாசிக்கப்படல் வேண்டும். நான்காவதாக, ஒவ்வோர் அறிக்கையும் குழாய்களின் எண்ணிக்கையோடு, காணி விடுவிப்பு எந்நிலையில் உள்ளது, அதற்குப் பொறுப்பானவர் யாவர் என்பதையும் கூற வேண்டும். கிளிவெட்டியிற் கூரை வேயும் அதிகாரம் ஓரிடத்திலும், முகாமை முடிவுறுத்தும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருந்தன. பின்னையதை எவரும் மதிப்பிடவில்லையெனின், முன்னையதைப் பற்றிய மதிப்பீடு அரைகுறையானதே.

2015 ஆகத்து 22ஆந் திகதி சம்பூர் மக்களுக்குக் காணி உறுதிகள் கையளிக்கப்பட்டன. மீண்டு சென்றோர் கண்டவை பெரும்பாலும் காடும் அழிந்த வீடுகளுமே. ஆயினும் சென்றனர். ஓர் இடைத்தங்கல் முகாமின் வெற்றியை, எத்தனை பேரை அது தங்கவைத்தது என்பதைக் கொண்டன்றி, அவர்கள் எவ்வளவு விரைவில், எத்துணை நலத்தோடு வீடு சேர்ந்தனர் என்பதைக் கொண்டே கணித்தல் தகும்.