பக்கத்து மனையின் கலிங்கல் எங்கே?



நம் தெற்கு மதிலை ஒட்டிய காலி மனையில் வணிக வளாகம் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரு ஏக்கர் இடம். கீழே இரண்டு பேஸ்மென்ட், மேலே கடைகள் என்று பேச்சு. வெளிச்சம் போய்விடும், வாசலில் வண்டிகளை நிறுத்துவார்கள் என்று லிஃப்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நிறையப் பேசிவிட்டோம். அந்த ஒரு ஏக்கரில் விழும் மழைத் தண்ணீர் நாளை எங்கே போகும் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நாம் குடியிருப்பது தி.நகர். ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம். ஆகவே இந்தக் கேள்விக்கு இங்கே பழைய வரலாறு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நம் பேச்சுக்கு வலு கூடும் என்பதால் இந்த இதழில் அதை எழுதுகிறேன்.

ஏரி கட்டியவர்கள் முதலில் பார்த்தது

ஏரி என்றால் தண்ணீரைத் தேக்கும் இடம் என்றுதான் நினைக்கிறோம். தேக்குவது பாதி வேலைதான். வெளியேற்றுவது மறுபாதி. கரை, மதகு, கலிங்கல் மூன்றும் சேர்ந்தால்தான் ஏரி. மதகு வயலுக்குத் தண்ணீர் விடும். கலிங்கல், ஏரி நிறைந்த பிறகு உபரி நீர் வழிந்து போகும் இடம். கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டியிருப்பார்கள். தண்ணீர் கரையின் தலைமேல் ஏறுவதற்கு முன்பே இந்த வழியாக வெளியேறிவிடும். கலிங்கல் போதாத ஏரி உடையும். ஒரு ஏரி உடைந்தால் அதன் வெள்ளம் கீழே இருக்கும் ஏரியையும் உடைக்கும். நம் பக்கத்து ஏரிகள் சங்கிலிபோல ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரியின் உபரிதான் கீழ் ஏரியின் வரத்து.

மண் அரிப்புக்கும் அவர்களிடம் வழி இருந்தது. கரையின் நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமல் கல் பாவினார்கள். கரைமேல் பனை வைத்தார்கள். கலிங்கலில் தண்ணீர் விழும் இடத்தில் குழி பறிக்காமல் இருக்கக் கல்தளம் போட்டார்கள்.

கலிங்கலின் உயரம்தான் இதில் முக்கியம். அரை அடி உயர்த்தினால் ஏரியில் அதிகத் தண்ணீர் நிற்கும், கட்டியவருக்கு லாபம். ஆனால் மேலே இருப்பவர் நிலம் மூழ்கும், கீழே இருப்பவருக்கு வரத்து குறையும். அதனால் ஊர்களுக்குள் கலிங்கல் மட்டத்தை வைத்து வந்த தகராறுகள் ஏராளம். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, 1883-ல் மெட்ராஸ் மாகாண அரசு ஏரி சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஏரிகளை ஒவ்வொன்றாக அளந்து, எந்த மட்டம் வரை நீர் நிற்கலாம் என்பதையும் ஆவணத்தில் ஏற்றியது. மட்டம் என்பது ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் விஷயம் அல்ல என்பதே அதன் பொருள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தேர்தலில் அமைந்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர்கள் 6 பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்த எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. ஏரியைப் பார்த்துக்கொள்வதும் கணக்குக் காட்டுவதும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது.

ஏரி தி.நகர் ஆன கதை

இப்போது நம் இடத்துக்கு வருவோம். ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்று குறித்த நீண்ட ஏரி, நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே அடையாறு நோக்கி வில்போல் வளைந்து கிடந்தது. மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் படகுப் போட்டி நடத்தும் அளவுக்கு அதில் தண்ணீர் நின்ற காலம் உண்டு.

ஊர் பெருகியது. வீட்டு மனைக்குத் தேவை கூடியது. 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923 வாக்கில், மாம்பலத்தில் புதிய குடியிருப்பு போடும் வேலை தொடங்கியது. ஏரியின் தண்ணீர் வடிக்கப்பட்டது. 1925-ல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு வந்தது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து கதிர்கள்போல் பிரியும் சாலைகள், தோட்டம் வைத்த தனி வீடுகள். வரைபடத்தில் பார்க்க இன்றும் அழகாக இருக்கிறது.

ஏரியின் மிச்சம் ஒரேயடியாகப் போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நுங்கம்பாக்கம் பக்கம் எஞ்சியிருந்த ஏரிப்பகுதியில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, அதாவது ஏரிக்கரைச் சாலை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைத்தான் காணோம்.

ஏரி போனாலும் அதற்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் நிற்கவில்லை. ஏரி எப்போதும் தாழ்வான இடத்தில்தான் அமையும். சுற்றுப்புறத்து மழைநீர் பழைய பழக்கத்தில் இங்கேயே வந்து சேர்கிறது. அதை வெளியே கொண்டுபோக இன்று நமக்கிருக்கும் பெரிய வழி மாம்பலம் கால்வாய் ஒன்றுதான். நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி, தி.நகரைக் கடந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. ஏரியின் மொழியில் சொன்னால், கலிங்கலை வைத்துக்கொண்டு ஏரியை எடுத்துவிட்டோம். தேங்கி, மெதுவாக வழிந்த தண்ணீர் இப்போது தேங்க இடமில்லாமல் நேராக ஓடி வருகிறது.

ஆரம்பத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. மா, தென்னை நின்ற மண் தன்னால் முடிந்ததைக் குடித்தது. பிறகு வீடுகள் கடைகளாயின. தோட்டம் பார்க்கிங் ஆனது. மண்ணின்மேல் சிமென்ட் ஏறியது.

ஒரு ஏக்கரின் வரவு செலவு

நான் பி.காம். படித்தவன், என்ஜினீயர் இல்லை. ஆனால் இந்தக் கணக்குக்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். இது வரவு.

இப்போது காலி மனையில் புல்லும் புதரும் இருக்கின்றன. விழுவதில் ஒரு பங்கை மண் இழுத்துக்கொள்கிறது, கொஞ்சம் பள்ளங்களில் நிற்கிறது, மீதிதான் தெருவுக்கு வருகிறது, அதுவும் நிதானமாக. கட்டடமும் தளமும் வந்த பிறகு பத்தில் ஒன்பது பங்கு அப்படியே ஓடி வரும். அதாவது சுமார் 3.6 லட்சம் லிட்டர். கோடையில் நாம் வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 30 லாரி. அத்தனையும் நம் தெருவின் ஒற்றை வடிகாலில் இறங்க வேண்டும்.

சென்னைக்கு 10 செ.மீ. ஒன்றும் பெரிய மழையும் அல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. 2021 நவம்பர் 6-ஆம் தேதி இரவு தொடங்கிய மழையில் மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானது. அந்த வாரம் தி.நகர் தெருக்களில் நின்ற தண்ணீரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். துரைசாமி சுரங்கப்பாதை வழக்கம்போல் மூடப்பட்டது.

தண்ணீரோடு போகும் மண்

2021-ல் பேசப்பட்ட ஒரு காரணத்தை இங்கே கவனிக்க வேண்டும். மாம்பலம் கால்வாயில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே கிடந்த கட்டுமான இடிபாடுகளும் மண்ணும் ஓட்டத்தை மறித்தன என்று அப்போது செய்திகள் வந்தன. வழி இருந்தும் வழியை மண் அடைத்துவிட்டால் பயனில்லை.

வடிகாலை அடைப்பது பிளாஸ்டிக் பை மட்டுமல்ல. கட்டுமான மனையிலிருந்து கரைந்து வரும் மண் ஓசையில்லாமல் வேலை செய்யும். மனையில் தோண்டிய மண்ணைக் குவித்து வைப்பார்கள். ஒரு மழையில் அது சேறாகித் தெருவுக்கு வரும். லாரிச் சக்கரம் இன்னொரு பங்கைக் கொண்டுவரும். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, கலங்கலோடு அப்படியே வடிகாலில் விடுவார்கள். அந்தச் சேறு வடிகாலின் அடியில் படிந்து இறுகிவிடும். இரண்டடி ஆழ வடிகாலில் ஓரடி மண் படிந்தால் பாதி வடிகால் போயிற்று. கட்டடம் திறப்பு விழா கண்ட பிறகும் அந்த மண் அங்கேயே இருக்கும்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. 2 பேர் உயிரிழந்தார்கள். தண்ணீரை இறைத்து அவர்களை வெளியே எடுக்கவே நாட்கள் ஆயின. நம் தெற்கு மதிலிலிருந்து சில அடி தூரத்தில் இரண்டு பேஸ்மென்ட் ஆழத்துக்குப் பள்ளம் வரப்போகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நம் பிள்ளைகள் விளையாடும் இடம்.

நாம் கேட்க வேண்டியவை

2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அங்கே வடிகால் திட்டத்தையும் கேட்பார்கள். ஒரு ஏக்கர் மனையில் வரும் கட்டடம் பெரும்பாலும் அந்த அளவுக்கு உள்ளேயே அடங்கிவிடும். ஆகவே நாம் கேட்டால்தான் கேள்வி. என் யோசனையில் ஐந்து கேள்விகள்:

1. மனையின் முடிவான தளமட்டம் என்ன? தெருவைவிட, நம் கேட்டைவிட எத்தனை அடி உயரம்? மண் கொட்டி மூன்றடி உயர்த்தினால் அந்த மனை நமக்குக் கரையாகிவிடும், நாம் ஏரியாகிவிடுவோம்.

2. மனைக்குள் எத்தனை லிட்டர் தேக்கப்படும்? உபரி எந்த வழியாக, எந்த வடிகாலில் சேரும்? ஏரிப்படுகை மண் களிப்பாங்கானது, நாலடி உறைகிணற்றில் தண்ணீர் சட்டென்று இறங்காது. மழையின் வேகம் தணியும்வரை பிடித்து வைத்து மெதுவாக விடும் தொட்டி வேண்டும். பழைய ஏரி செய்த வேலையும் அதுதான்.

3. பள்ளம் எந்த மாதத்தில் தோண்டப்படும்? நமக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜனவரியில் தொடங்கி செப்டம்பருக்குள் பள்ளத்திலிருந்து மேலே வந்துவிட முடியுமா? பள்ளத்தின் பக்கச் சுவர் தாங்கல் யார் கணக்கிட்டது?

4. மண் வெளியே வராமல் என்ன ஏற்பாடு? குவியலுக்குத் தார்ப்பாய், மனை ஓரத்தில் மணல் மூட்டை வரிசை, வாசலில் ஜல்லி பரப்பி லாரிச் சக்கரம் கழுவும் இடம், இறைக்கும் தண்ணீர் தெளிந்து போக வண்டல் தொட்டி. இவை எதுவும் பெரிய செலவு அல்ல.

5. கட்டுமானம் முடியும்போது தெரு வடிகாலைத் தூர் வாரித் தருவது யார்? பிறகு ஆண்டுதோறும் மனைக்குள் இருக்கும் தொட்டியைச் சுத்தம் செய்து கணக்குக் காட்டுவது யார்?

நாம் வணிக வளாகத்துக்கு எதிரி அல்ல. கடை வந்தால் நமக்கும் வசதிதான். அவர்களும் பேஸ்மென்டில் வண்டி மிதக்கவேண்டும் என்று விரும்பமாட்டார்கள். வரைபடம் அனுமதிக்குப் போகும் முன் இதையெல்லாம் பேசினால் பென்சில் கோட்டை மாற்றினால் போதும். கான்கிரீட் போட்ட பிறகு பேசினால் கோர்ட்டு, வக்கீல், வருஷக்கணக்கு.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்து கேள்விகளையும் தீர்மானமாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் ஒரு பிரதி மனை உரிமையாளருக்கும், ஒரு பிரதி சி.எம்.டி.ஏ.வுக்கும், ஒரு பிரதி மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போக வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் குடியிருப்பில் சிவில் என்ஜினீயர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். மட்டம் அளக்கும் கருவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால், நம் கேட், தெரு, பக்கத்து மனை மூன்றின் இன்றைய உயரத்தையும் குறித்து வைத்துவிடலாம். முதல் லாரி மண் இறங்குவதற்கு முன் அந்த அளவு நம் கையில் இருக்க வேண்டும்.