செண்பகனூரும் பன்னிரு படிகளும்

பழனி மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் எழுந்தது திரு இருதயக் கல்லூரி. அங்கு இயேசு சபையின் மாணவத் துறவியர் புனித இஞ்ஞாசியார் வழிநின்று, நண்பகலிலும் இரவிலும் ஆன்மசோதனை செய்து வாழ்ந்தனர்.

அவ்வழியை அறியாமலே அதனருகே வந்தவர், குடிநோயிலிருந்து மீண்ட அமெரிக்கர் பில் வில்சன். அவர் எழுதிய பன்னிரு படிகள் 1939இல் நூலில் வெளிவந்தன. மறு ஆண்டே அவரைத் தேடி நியூயார்க் வந்த இயேசு சபைக் குரு எட்வர்ட் டௌலிங், இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளோடு அவை ஒத்திருப்பதை எடுத்துரைத்தார். வில்சனோ அப்பயிற்சிகளை அறிந்தவரல்லர். அக்குருவிடமே பின்னர் தம் உள்ளத்தைத் திறந்தார்.

ஐந்தாம் படி, குற்றத்தை இறைவனிடமும் தன்னிடமும் மற்றொரு மனிதரிடமும் உள்ளபடி ஏற்கச் சொல்கிறது. இது ஒப்புரவு அருட்சாதனமன்று. கேட்பவர் பாவமன்னிப்பு அளிப்பதில்லை. எனினும் அம்மூன்றாமவரே தேவை என்பேன். தனிமையில் சொற்களுக்கு மெருகிடலாம்; எதிரே ஒருவர் அமர்ந்திருக்கையில் அது எளிதன்று. குடியை மறைத்தே பழகிய நாவுக்கு அதுவே முதல் மருந்து.